தேங்காய்ச் சட்னிதாங்க

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சின்ன ஓட்டலில் காலை வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. “சட்னில மல்லாட்ட சேர்த்திருக்கீங்களா? வேர்க்கடலை பொண்ணுக்கு ஆகாதுங்க, மூச்சு அடைச்சுக்கும்” என்று கேட்கிறாள் ஒரு தாய். “தேங்கா சட்னிதாங்க” என்கிறாள் பரிமாறும் வேல்விழி. உள்ளே போய் விசாரிக்காமலே இலையில் ஊற்றிவிட்டு, காலி வாளியோடு அடுக்களைக்குப் போகிறாள். அங்கே மாஸ்டர் குருமூர்த்தி வறுத்த வேர்க்கடலையை கிரைண்டரில் அள்ளிப் போடுகிறார். “தேங்கா பத்தல. காலையிலேர்ந்தே இதையும் சேர்த்துத்தான் அரைக்கிறேன்.” வேல்விழி திரும்பி ஓடுகிறாள். “ஊட்டாதீங்க, அதுல மல்லாட்ட இருக்குது!” சிறுமி வெண்பா ஒரு விள்ளல் இட்லியை விழுங்கிவிட்டாள். உதடு தடித்திருக்கிறது. கழுத்தைச் சொறிகிறாள். மூச்சு விசில்போல் இழுக்கிறது. தாய் கைப்பையை மேசைமேல் கொட்டுகிறாள். சீப்பு, கைக்குட்டை, பஸ் டிக்கெட்டுக்கு நடுவே டாக்டர் கொடுத்துவைத்த அவசர ஊசி உருள்கிறது. அதை எடுத்து மகளின் பாவாடைக்கு மேலேயே தொடையில் குத்தி அழுத்துகிறாள். யாரோ ஆட்டோவைக் கூப்பிடுகிறார்கள். மற்ற மேசைகளில் கைகள் இலைமேல் அப்படியே நிற்கின்றன, கிரைண்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சற்றுப் பொறுத்து வெண்பா வாய்விட்டு, ஓட்டலே அதிர அழுகிறாள். தாய் அந்த அழுகையைக் கண்மூடிக் கேட்கிறாள். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறும்முன், வேல்விழியைத் திரும்பிப் பார்க்கிறாள். குரலில் கோபம்கூட இல்லை. “உங்கள கேட்டுட்டுத்தானங்க ஊட்டுனேன்?”