விமானியின் கண்கள்

ஆறு மாதமாக ஒட்டிச் சேர்த்த பிளாஸ்டிக் விண்கல மாதிரியில், நெல்மணி அளவேயான விமானி பொம்மையின் கண்கள் மட்டும் பாக்கி. தூரிகையை எடுத்ததும் தேவசகாயத்தின் கை நடுங்கியது. மனைவி ரோஸ்மேரி அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அப்படியும் கறுப்பு மை பொம்மையின் கன்னத்தில் இழுபட்டது. பஞ்சால் துடைத்தாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாங்க."

"நாளைக்குக் கை இன்னும் ஆடும். நீயே வை."

மூச்சை அடக்கி இரண்டு புள்ளிகள் வைத்தாள். ஒன்று நெற்றிக்கு ஏறிவிட்டது. மயிரிழை பிசகினாலும் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறவர் அவர். பஞ்சை அவரிடம் நீட்டினாள்.

அவர் பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு. விண்கலத்தோட கண்ணாடி மூடியை ஒட்டிடு."

"ஒட்டினா அப்புறம் திருத்த முடியாதுங்க."

"தெரியும்" என்றார்.

ரோஸ்மேரி பஞ்சோடு அப்படியே நின்றாள்.