பின்பக்க மூன்று ஏக்கர்

"ஈ ஓட்டிக்கிட்டிருக்கிற ஹோட்டலோட மொத்த ஷேரையும் எதுக்குய்யா வாங்கச் சொல்றே?" முதலீட்டு நிறுவன முதலாளி எரிந்து விழுந்தார்.

எதிரே நின்ற பங்குச் சந்தை ஆய்வாளன் ஃபைலைத் திறந்தான். "ஹோட்டலுக்காக இல்ல சார், இடத்துக்காக. பின்னாடியே மூணு ஏக்கர் இருக்கு. கணக்குல இன்னும் அந்தக் காலத்து விலைதான் காட்டியிருக்காங்க. இடிச்சுட்டு வித்தா, போட்டது நாலு மடங்காயிடும்."

"பின்னாடி ஊழியர்கள் குடியிருக்காங்களே? காலி பண்ண மாட்டோம்னு கோர்ட்டுக்குப் போனா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்துகொண்டிருந்தான்.

"போக மாட்டாங்க சார். அங்க எல்லாரும் ஹெட் குக் சொல்றதைத்தான் கேட்பாங்க."

"அந்தச் சமையல்காரரே முரண்டு பிடிச்சா?"

அவன் ஃபைலை மெல்ல மூடினான்.

"பிடிக்க மாட்டார் சார். அப்பா இதுவரைக்கும் என் பேச்சைத் தட்டினதே இல்ல."