அம்மாக்கள் மட்டும்

“வயிறு வலிக்குதும்மா. இன்னொரு நாள் போலாம்” என்றான் ஸ்டெபின், ஷேர் ஆட்டோ பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது.

ஜெயசீலி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடியில் பிளம் கேக் டப்பா, மனசு முழுக்கப் பிரணவ் அம்மா. பிளஸ் டூ ரிசல்ட்டில் பிரணவ் தன்னைவிடக் கூடுதல் மார்க் வாங்கிவிட்டானே என்று பையன் கூச்சப்படுகிறான் என நினைத்துக்கொண்டாள்.

பிரணவ் அம்மாவை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. டியூஷன் எடுக்கும் தேவானந்தம் சார், பிள்ளைகளிடம் அவரவர் அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கி, ‘அம்மாக்கள் மட்டும்’ என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார். பரீட்சை முடியும்வரை ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பெண்கள் பேசும் இடத்தில் தனக்கென்ன வேலை என்று பிரணவ் அம்மாவை அட்மினாக்கிவிட்டு, நாகரிகமாக விலகியும் கொண்டார்.

அந்தக் குரூப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பிளஸ்ஸி அம்மா, கேஷவ் அம்மா, ஜென்சி அம்மா என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். யாரும் போன் செய்யக் கூடாது, வாய்ஸ் மெசேஜும் கூடாது, படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்பது பிரணவ் அம்மா போட்ட முதல் சட்டம். என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு என்று ஜெயசீலி உருகிப்போனாள்.

அதுவரை அவள் வீட்டில் நடந்தது ராணுவ ஆட்சி. விடியும் முன்பே ஸ்டெபின் முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். அவன் செல்போனை பீரோவில் பூட்டி, சாவியைத் தாலிச் செயினோடு கோத்துவைத்திருந்தாள். இதைக் குரூப்பில் பெருமையாகச் சொன்னதும் அம்மாக்கள் பதறிவிட்டார்கள்.

தூக்கம் குறைந்தால் படித்தது நிற்காது என்றார் கேஷவ் அம்மா. சாயங்காலம் கொஞ்ச நேரம் கிரிக்கெட் ஆடினால்தான் மூளைக்கு ரத்தம் பாயும் என்றார் பிளஸ்ஸி அம்மா. ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் சிக்கன் பிரியாணி செய்து, கூட எழுதிய பிள்ளைகளுக்கும் டப்பாவில் கொடுத்தனுப்பினால் ரொம்ப விசேஷம் என்றார் பிரணவ் அம்மா. ஜெயசீலி ஒன்றைக்கூட விடவில்லை. செல்போனும் பீரோவிலிருந்து விடுதலையானது.

“மார்க் குறைஞ்சா, உன் குரூப்தான் வந்து காலேஜ் சீட் வாங்கித் தரணும்” என்றார் கணவர் தயாளன்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. இருப்பது ஒரே பிள்ளை. முகம் தெரியாதவர்கள் பேச்சைக் கேட்டு அவன் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று குரூப்பிலேயே எழுதி அழுதாள். ‘நீங்க நம்புனா அவன் படிப்பான். நம்பித்தான் பாருங்களேன்’ என்று பிரணவ் அம்மா பதில் போட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பரீட்சை மாதத்தை ஓட்டினாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. பரீட்சை நடக்கும் நேரத்தில், அதாவது ஆறுதல் மிகவும் தேவைப்படும் நேரத்தில், குரூப்பில் ஒரு ஈ காக்கா இருக்காது. பைபிளிலிருந்து சங்கீத வசனம் போட்டாலும் ஆமென் சொல்ல ஆளில்லை. எல்லாரும் சாமி ரூமில் இருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அவளும் முழங்காலில் நிற்பாள். மதியம் ஆனதும் மெசேஜ் மழையாகக் கொட்டும்.

எப்படியோ, ஸ்டெபின் நல்ல மார்க்கே வாங்கினான். பிரணவ் அம்மாவுக்கு நேரில் ஒரு நன்றி சொல்லாவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்று ஜெயசீலி, தேவானந்தம் சாரிடம் விலாசம் வாங்கிவிட்டாள்.

கதவைத் திறந்தவரின் பெயர் அபிதகுஜாம்பாள் என்பது வாசல் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஜெயசீலி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“நான் ஸ்டெபின் அம்மாக்கா. நீங்க மட்டும் குரூப்ல இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ.”

“எந்த குரூப்?” என்றார் அவர். “எனக்கேது வாட்ஸப்பெல்லாம்? நான் வச்சிண்டிருக்கறது பட்டன் போன்.”

அதை எடுத்தும் காட்டினார். சிக்கன் பிரியாணி செய்யச் சொன்னது நீங்கள்தானே என்று ஜெயசீலி கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஹாலில் கையில் செல்போனோடு உட்கார்ந்திருந்த பிரணவ், சோபாவுக்குப் பின்னால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தான்.

ஜெயசீலிக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பொடிப் பயலிடமா இத்தனை நாள் அழுது புலம்பினோம் என்று அவமானமாக இருந்தது. தான் ஏமாந்தது போகட்டும், மற்ற அம்மாக்களாவது உஷாராகட்டும் என்று வாசலில் நின்றபடியே போனை எடுத்தாள். பிரணவ் அம்மா போலி, யாரும் நம்பாதீர்கள் என்று ஆத்திரத்தோடு தட்ட ஆரம்பித்தாள்.

ஸ்டெபின் அவள் கையை மெதுவாகப் பிடித்தான்.

“யாருக்கும்மா அனுப்பற? சார் கேட்டப்போ, நிஜமாவே அம்மா நம்பரைக் கொடுத்தது நான் ஒருத்தன்தான்.”