பார்லிமெண்டு வாசலில் செருப்பு

வெள்ளைவெளேரென்று குவிந்த உப்பில் உச்சி வெயில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு, சுற்றி நிற்கும் பெண்களிடம் முத்தம்மாள் டில்லிக் கதை சொல்கிறாள். எம்.பி.யைப் பிடித்து பாஸ் வாங்கி, உப்பளத்து ஆட்களைப் போன வாரம் பார்லிமெண்டைச் சுற்றிக் காட்ட அழைத்துப்போன சங்கச் செயலாளர் சவரிநாதன் வரப்பில் நின்று அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "எம்மாம் பெரிய எடம், செருப்போட போவலாமா? நாங்கள்லாம் வாசல்லயே கழட்டி வுட்டுட்டோம். பாக்க வந்திருந்த வேற ஊரு ஜனமெல்லாம் எங்க காலைப் பாத்துப் பாத்துச் சிரிக்குது. அந்த நேரம் பாத்து அண்ணன் பக்கத்துல இல்ல. இருந்திருந்தா அவங்கள உண்டு இல்லன்னு பண்ணியிருப்பாரு." சவரிநாதன் அன்று பக்கத்தில்தான் இருந்தான். காலில் புது பூட்ஸ் பளபளக்க, இவர்கள் யாரோ எவரோ என்பதுபோல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்து, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, மீதிய நீங்களே சொல்லுங்க" என்று முத்தம்மாள் கூப்பிடுகிறாள். உப்புப் பாத்தியில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. அவன் குனிந்து செருப்பு வாரில் கை வைக்கிறான். "உங்களுக்கு எதுக்குண்ணே, உப்பு காலை அறுக்கும். நீங்க போட்டுக்கிட்டே வாங்க" என்கிறாள் அவள். செருப்பு இரண்டும் கழன்றுவிட்டன. அவன் இன்னும் நிமிரவில்லை.