கிரகணத்துக்கு வந்த மாமியார்

"சுபத்ராக்கா, ஒங்க மாமியார் வாராக!" ராம்குமார் பதறினான்.

பந்தல்குடி மைதானத்தில் வானியல் மன்றத்தார் தொலைநோக்கியோடு சூரிய கிரகணத்துக்குக் காத்திருந்தார்கள். மன்றச் செயலாளர் சுபத்ராவுக்கு ஏழு மாதம். கிரகணத்தன்று கர்ப்பிணி வாசல் தாண்டலாமா? ஊரையே கிரகணம் பார்க்கக் கிளப்பிவிட்ட அந்தத் தைரியசாலி, வேனுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள்.

"எங்கப்பா எம் மருமக?" என்றபடி வந்தாள் சண்முகவடிவு.

"இங்க வரலியேம்மா…" ராம்குமார் மென்று விழுங்கினான்.

"பொய் சொல்லாத. இத வீட்டுல மறந்து வச்சுட்டு வந்துட்டா. வெறுங்கண்ணால பாத்து வச்சிரப் போறா!"

பையிலிருந்து கிரகணக் கண்ணாடியை எடுத்தாள். கூடவே இன்னொன்றும் வந்தது.

"அது யாருக்கும்மா?"

"எனக்குத்தான். எம் மகன் வயித்துல இருந்தப்பவும் கிரகணம் வந்துச்சு. அன்னைக்கு என்னைய அறைக்குள்ள வச்சுப் பூட்டிட்டாகளே!"