விரிசலுக்குப் போட்ட தேதிகள்

"இந்தக் கண்ணாடியோடயா சார் ரெண்டு வருஷமா ஓட்டுறீங்க?" மெக்கானிக் தலையில் கை வைத்தார்.

"வீட்டுக்காரியும் இதையேதான் கேட்பா. மாத்துங்க, மாத்துங்கன்னு ஒரே நச்சரிப்பு. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்துட்டேன்" என்றார் கார்க்காரர்.

முன்கண்ணாடியின் உள்பக்கம், விரிசல் நெடுகக் குட்டிக் குட்டிக் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மார்க்கரால் எழுதிய தேதி.

"இது என்ன சார்?"

"அவ வேலைதான். விரிசல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கோடு போட்டுத் தேதி எழுதிடுவா. 'உங்க சோம்பேறித்தனம் எவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க'ன்னு குத்திக்காட்டத்தான்."

மெக்கானிக் சிரித்துவிட்டார். "அக்கா பலே ஆள்தான்!"

பழைய கண்ணாடியை அறுத்தெடுக்கக் கத்தியோடு குனிந்தவர், நின்றார். "கடைசிக் கோட்டுக்கு அப்புறம் ஒரு சாண் ஓடியிருக்கே. ஏன் சார், அக்காவுக்கே சலிச்சுப்போச்சா?"

கார்க்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்தார். விரிசலின் நுனியில் கோடு போட்டு, இன்றைய தேதியை எழுதினார். எண்கள் கோணலாக விழுந்தன.

"அவ போய் நாலு மாசம் ஆச்சு, தம்பி" என்றார். "கோடு போட ஆள் இல்லைன்னதும், அது பாட்டுக்கு ஓடுது."