பூரிக்கட்டைப் பிடி

காரைக்குடியின் பழைய சாமான் கடையில், பித்தளை விளக்குகளுக்கு நடுவே அப்பாவின் படகு மோட்டார் நிற்கிறது. இந்த ரகத்துக்கு இப்போது உதிரி பாகங்கள் வருவதில்லை. அறுந்துபோன ஸ்பிரிங்குக்கு மாற்றுத் தேடித்தான் தம்பி ஜெரால்டோடு கடை கடையாக ஏறி இறங்குகிறேன். மோட்டார் தொண்டி மெக்கானிக்கிடம் இருக்கிறது என்றுதான் சொன்னான். "இங்குட்டு கிடைக்காதுக்கா" என்று வாசலில் அவன் தயங்கியது இப்போதுதான் உறைக்கிறது. கூரையின் கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயிலில், துரு சுரண்டிய அதன் உடம்பு மினுங்குகிறது. தலையில் ஒரு பல்பு மாட்டி விளக்காக்கியிருக்கிறார்கள். மோட்டாரைக் கிளப்பும் இழுகயிற்றின் நுனியில் மட்டும் பழைய மரப்பிடி, அம்மாவின் பூரிக்கட்டையை அறுத்து அப்பா மாட்டியது. அதற்கப்புறம் பல நாள் எங்கள் வீட்டில் பூரியே இல்லை. "ஹாலுக்கு எடுப்பா இருக்கும், எடுக்குறீகளா?" என்கிறார் கடைக்காரர். "இது மாதிரி ஊர்ல ஆயிரம் கிடக்கும்க்கா, வா" என்கிறான் தம்பி, செல்போனைப் பார்த்தபடி. நான் பிடியைப் பற்றி இழுத்து விடுகிறேன். உள்ளிழுக்க ஸ்பிரிங் இல்லாததால் கயிறு முழுவதும் வந்து தரையில் கிடக்கிறது. யாரும் சொல்லாமலே தம்பி குனிகிறான். அப்பா சொல்லிக்கொடுத்தபடி, இடது கையால் மூடியை அழுத்திக்கொண்டு, கயிற்றை ஒவ்வொரு சுற்றாக உள்ளே விடுகிறான்.